வாஷர் விழுந்துச்சுன்னு சொன்ன பையன்

போன வாரம் எங்க அம்பாசடரை வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போனேன். அப்பா வாங்கின பெட்ரோல் வண்டி, 1489 சிசி. 2014-லயே இந்தக் கார் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. என்ஜின்ல ஒண்ணு போச்சுன்னா சாமானுக்கு ஊர் ஊரா அலையணும்.

கார்ப்பரேட்டரைச் சுத்தம் பண்ண ஏர் ஃபில்டரைக் கழட்டினான், அங்க வேலை கத்துக்கிற பையன். பதினெட்டு வயசு இருக்கும். கொஞ்ச நேரத்துல முகம் வெளுத்துப்போய் வந்து நின்னான். "அண்ணே, ஸ்பிரிங் வாஷர் ஒண்ணு கார்ப்பரேட்டருக்குள்ள விழுந்துடுச்சு."

மெக்கானிக் கையை ஓங்கிட்டார். எனக்கும் கோவம்தான். ஆனா சட்டுன்னு எங்க கிணத்து ஆயில் என்ஜின் ஞாபகம் வந்துச்சு.

பல வருசம் முன்னாடி அதை வேலை பாத்தவர் உள்ள எதையோ விட்டுட்டார். திட்டு விழும்னு சொல்லாமப் போயிட்டார். மறுநாள் நான் ஸ்டார்ட் பண்ணினேன், "டங்"னு ஒரு சத்தம். ஹெட்டைத் திறந்தா பிஸ்டன் உடைஞ்சு கெடக்கு, பக்கத்துல நசுங்கின நட்டு. என்ஜின் சரியாகிறதுக்குள்ள அரை ஏக்கர் வெங்காயம் காய்ஞ்சு போச்சு.

பிஸ்டன் மேல வரும்போது அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இடம் ரொம்பக் கம்மி. அங்க ஒரு வாஷர் மாட்டினா வால்வு வளையும், பிஸ்டன் உடையும், போர்ல கீறல் விழும். அதனால விழுந்துச்சுன்னு தெரிஞ்சதும் முதல்ல பேட்டரி வயரைக் கழட்டணும். ஆக்சிலேட்டரைத் தொடக்கூடாது. கியர்ல போட்டு வண்டியைத் தள்ளவும் கூடாது, சக்கரம் சுத்தினா பிஸ்டனும் மேல கீழ அசையும். காத்தடிச்சுப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, இன்னும் உள்ளதான் தள்ளும்.

மெக்கானிக் கையைப் புடிச்சு நிறுத்தினேன். "சொல்லிட்டான்ல, எடுத்துடலாம்"னேன். கார்ப்பரேட்டரைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாத்தோம். மேனிஃபோல்டு அடியில மினுமினுன்னு கெடந்துச்சு. கம்பியில பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டைக் கட்டி விட்டோம், ஒட்டிட்டு வந்துடுச்சு. இரும்பு வாஷர்ங்கறதால வந்துச்சு. பித்தளை, அலுமினியம்னா காந்தம் எடுக்காது, குச்சி முனையில கிரீஸ் தடவித்தான் எடுக்கணும். கைக்குக் கெடைக்கலைன்னா ஹெட்டைக் கழட்டிப் பாக்கணுமே தவிர, "எங்கயாச்சும் வெளிய விழுந்திருக்கும்"னு சொல்லி சாவியைத் திருப்பக்கூடாது.

அரை நாள் போச்சு, அவ்வளவுதான். என்ஜின் தப்பிச்சுது.

என்னைக் கேட்டா, கை தவறுறது தப்பே இல்லீங்க. கார்ப்பரேட்டரைத் திறந்தா வாயில சுத்தமான துணியை வைக்கணும்னு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரலை. அது நம்ம தப்பு. விழுந்ததை மறைக்கிறதுதான் பெரிய தப்பு. ஆனா அந்த மறைக்கிற புத்தியைக் கத்துக் குடுக்கறதும் நாமதான். உண்மையைச் சொன்னவனுக்கு அறை விழுந்தா, அடுத்த தடவை அவன் வாயே திறக்க மாட்டான். வண்டியில மட்டும் இல்ல, டிராக்டர்லயும், மோட்டார்லயும், மருந்து கலக்குற இடத்துலயும் இதே கதைதான்.

கிளம்பும்போது பையன் கையில டீ காசு குடுத்தேன். மெக்கானிக் முறைச்சார். முறைக்கட்டும். அடுத்த தடவையும் அந்தப் பையன் கையிலதான் என் வண்டியைக் குடுப்பேன்.