சரபோஜிக்கும் சரபத்துக்கும் என்ன சம்பந்தம்?

போன முகூர்த்தத்தில் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பேச்சு எப்படியோ தஞ்சாவூர் ராஜாக்கள் பக்கம் போயிடுச்சு. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு மாமா முறை. வாட்ஸப்பில் வரலாறு படிப்பவர். படித்ததைச் சும்மா வைத்திருக்க மாட்டார்.

"சரபோஜின்னா என்ன அர்த்தம் தெரியுமா? சரபம்! நரசிம்மத்தையே அடக்கின சரபேஸ்வரர். திருபுவனத்துல இருக்காரே, அவர் பேரைத்தான் ராஜாவுக்கு வச்சாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கலை. "இல்ல மாமா, அது ஷரீஃப்ஜி. அகமத்நகர்ல இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் பேரு" என்றேன்.

அவ்வளவுதான். "இந்து ராஜாவுக்கு சாயபு பேரா? யாரோ உன்னை நல்லா கெடுத்து வச்சிருக்கான். பெத்த பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கறதுக்கு ஒரு மானம் வேண்டாமா?" என்று ஆரம்பித்து, பாயசம் வரும் வரை நிறுத்தவில்லை.

எனக்கு இரண்டு இலை தள்ளி எங்கள் தெருத் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பேர் நாகூரில் ஆரம்பிக்கும். முஸ்லிம் இல்லை, காலையில் குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போக, அவர் அம்மா நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. டெல்டாவில் இப்படிப்பட்ட பேர்கள் எத்தனை என்று எண்ணி முடியாது. மாமா "மானம்" என்று சொன்னபோது தாத்தா தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தக் குனிந்த தலைக்காகத்தான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிவாஜிக்குத் தாத்தா மாலோஜி போன்ஸ்லே. அகமத்நகர் நிஜாம் ஷாஹி அரசில் வேலை பார்த்தவர். (அந்த ஊருக்கு 2024ல் அகில்யாநகர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். பேர் மாற்றும் வேலை மட்டும் நம்ம நாட்டில் எப்பவும் தடங்கல் இல்லாமல் நடக்கும்.) மாலோஜிக்கும் அவர் மனைவி உமாவுக்கும் குழந்தை இல்லை. அகமத்நகரில் ஷா ஷரீஃப் என்ற பீரிடம் வேண்டிக்கொண்டார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன. மூத்தவனுக்கு ஷாஜி, இளையவனுக்கு ஷரீஃப்ஜி. பெரியவரின் பேரையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதை எழுதி வைத்தது யார் தெரியுமா? மாமா நினைப்பது போல கெட்டுப்போன எவனோ இல்லை. பரமானந்தர் என்ற சமஸ்கிருதக் கவி. நூல் சிவபாரதம். எழுதச் சொன்னது சத்ரபதி சிவாஜியே! தன் வம்ச சரித்திரத்தில் இந்த வேண்டுதல் கதை இருப்பது சிவாஜிக்கு மானக்கேடாகப் படவில்லை. கும்பகோணத்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்குப் படுகிறது. என்னத்தச் சொல்ல.

தம்பி ஷரீஃப்ஜி 1624ல் பாத்வடிப் போரில் செத்துப்போனார். அண்ணன் ஷாஜிக்கு ஒரு மனைவி வழியில் சிவாஜி, இன்னொரு மனைவி வழியில் ஏகோஜி. இந்த ஏகோஜிதான் 1670களின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஷாஜி, சரபோஜி, துக்கோஜி. மூன்று பேருமே ஒருவர் பின் ஒருவராகத் தஞ்சையை ஆண்டார்கள்.

இப்ப கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. அகமத்நகரில் அண்ணன் ஷாஜி, தம்பி ஷரீஃப்ஜி. தஞ்சாவூரில் அண்ணன் ஷாஜி, தம்பி சரபோஜி. அதே ஜோடி, அதே வரிசை. ஏகோஜி தன் அப்பா பேரை மூத்தவனுக்கும் சித்தப்பா பேரை அடுத்தவனுக்கும் வைத்திருக்கிறார். நம்ம வீடுகளில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். இதில் சரபம் எங்கே வந்தது? மூத்தவன் பேருக்கு என்ன மிருகம் சொல்வீங்க?

ஆங்கிலேயர்கள் இந்தப் பேரை எழுதியது செர்ஃபோஜி என்று. நடுவில் இருக்கும் அந்த "ஃப்" சரபத்தில் கிடையாது, ஷரீஃபில்தான் உண்டு. மாலோஜி, ஏகோஜி, துக்கோஜி என்று அந்தக் குடும்பத்தில் வழக்கமாக வரும் ஓஜியைச் சேர்த்தால் கதை முடிந்தது. தமிழ் நாக்குக்கு "ஃப" வராது, "ப" ஆக்கிக்கொண்டோம்.

அப்ப சரபம் எப்படி வந்தது? அதற்கும் காரணம் இருக்கு. அரசவைக் கவிஞர்கள் செய்த உபயம். முதலில் அண்ணன் ஷாஜியைப் பாருங்க. அவரைப் பற்றி ஸ்ரீதர வெங்கடேசர், நம்ம திருவிசைநல்லூர் ஐயாவாள், எழுதிய காவியத்துக்குப் பேர் ஷாஹேந்திர விலாசம். ஷா என்பது பாரசீகச் சொல், அரசன் என்று அர்த்தம். அதோடு இந்திரனை ஒட்டிவிட்டார். பாதி பாரசீகம், பாதி சமஸ்கிருதம்! அதே அச்சில் வார்த்ததுதான் சரபேந்திரன். ஷரீஃப் என்பது அரபிச் சொல், மதிப்புக்குரியவர் என்று பொருள். பாரசீகம் புழங்கிய தக்காண அரசவைகள் வழியாக மராத்திக்குள் வந்தது. அதைச் சமஸ்கிருதச் செய்யுளில் உட்கார வைக்க, காதுக்குப் பக்கத்தில் இருந்த சரபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சரபேந்திர பூபால குறவஞ்சி வந்தது. பேராவூரணி பக்கம் கடற்கரையில் சரபேந்திரராஜன்பட்டினம் என்று ஊரே வந்தது. நெப்போலியன் வீழ்ச்சிக்காக 1814ல் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா அங்கேதான் நிற்கிறது. மனோரா என்ற பேரே மினாரா என்பதின் மருவல்தான்.

கவிஞர்கள் செய்ததில் தப்பே இல்லை. அது அலங்காரம். அலங்காரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இதுதான் உடம்பு என்று சாதிப்பதுதான் தப்பு.

ஊர்ப்பேருக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. 1693ல் ஷாஜி ராஜா திருவிசைநல்லூரை நாற்பத்துச் சொச்சம் பண்டிதர்களுக்கு தானமாகக் கொடுத்தார். ஊருக்குத் தன் பேரையே வைத்தார், ஷாஜிராஜபுரம். ராமபத்ர தீட்சிதர் போன்ற மகா பண்டிதர்கள் வாழ்ந்த அக்ரஹாரம். வேதமும் வியாகரணமும் படித்த அவர்கள் யாரும், எங்க அக்ரஹாரத்துக்குப் பாரசீகப் பேரா என்று தான சாசனத்தைக் காவிரியில் தூக்கிப் போடவில்லை.

இந்தக் காதால் செய்யும் ஆராய்ச்சி இன்று நேற்று வந்ததில்லை. கோரமண்டல் என்ற பேருக்கு ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பீங்க. பழவேற்காடு பக்கம் கரிமணல் என்ற ஊரில் டச்சுக்காரன் கப்பலை நிறுத்தி ஊர்ப் பேர் கேட்டானாம், கரிமணல் என்றதும் கோரமண்டல் என்று எழுதிக்கொண்டானாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றியது 1610 வாக்கில். அதற்கு நூறு வருஷம் முன்பே வர்த்தேமா, பர்போசா போன்ற ஐரோப்பியப் பயணிகள் அந்தப் பேரை எழுதிவிட்டார்கள். சோழமண்டலம்தான் அது. தேதியை ஒரு தடவை பார்த்திருந்தால் கரிமணல் கதை அன்றைக்கே செத்திருக்கும். சரபம் கதையும் அதே ஜாதி. காது "ஆமாம்" என்று சொல்லும், காகிதம் "இல்லை" என்று சொல்லும்.

டச்சுக்காரர்கள் என்றதும் இன்னொன்று. அவர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658ல். ஏகோஜி தஞ்சைக்கு வந்ததும் 1676ல் வெள்ளித் தகட்டில் அவர்களுக்கு சாசனம் கொடுத்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பீரின் பேரைப் பகிர்ந்துகொண்ட மராட்டிய ராஜா, ஒல்லாந்துக் கம்பெனிக்கு, சோழநாட்டுத் துறைமுகத்தை எழுதிக் கொடுக்கிறார். அதுதான் நம்ம டெல்டா. 1690ல் கம்பெனி தன் தலைமையிடத்தையே பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றியது. 1781ல் ஆங்கிலேயர் பிடுங்கும் வரை அங்கேதான் இருந்தார்கள். ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் செப்பேடும் டச்சுக்காரர் கைக்குப் போய், லெய்டன் செப்பேடு என்றே பேர் வாங்கிவிட்டது. அதற்காக ராஜராஜன் ஒல்லாந்துக்காரன் ஆகிவிடுவானா?

இதைக் கேட்டுவிட்டு எதிர்க் கட்சிக்காரர் யாராவது குதிப்பீங்க, எனக்குத் தெரியும். "பார்த்தியா, சரபோஜியே பாதி முஸ்லிம்தான்" என்று. அதுவும் இல்லைங்க. பெரிய கோயில் சுவரில் தன் வம்ச வரலாற்றை 1803ல் மராத்தியில் வெட்டி வைத்த ராஜாவின் மதம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பேர் ஒரு வேண்டுதலுக்குச் சாட்சி, ரத்தத்துக்கு இல்லை.

ஒன்று மட்டும் மாமாவிடம் கேட்க விட்டுப்போச்சு. "நாங்க மிராசுதார் குடும்பம்" என்று வாய்க்கு வாய் சொல்வார். மிராசு அரபி, தார் பாரசீகம். நிலத்துக்கு ஒவ்வொரு பசலிக்கும் வரி கட்டுகிறார். அந்தப் பசலியும் அந்த வழி வந்ததுதான். தாசில்தார், ஜமாபந்தி, எல்லாம் அதே கதை. மடியில் இருக்கும் துட்டு? டச்சுக்காரனின் டொயிட் என்ற செப்புக் காசு. இத்தனையும் வைத்துக்கொண்டு ராஜா பேரில் மட்டும் கலப்படம் இருக்கக்கூடாதாம் :-)

நாகூர் தர்காவில் எல்லாவற்றிலும் உயரமாக நிற்கும் மினாரா, 131 அடி, அதைக் கட்டியது பிரதாப் சிங் மகாராஜா. துக்கோஜியின் பிள்ளை, சரபோஜி அவருக்குப் பெரியப்பா. மாலோஜி அகமத்நகரில் போட்ட கும்பிடு அந்தக் குடும்பத்தில் நாகூர் வரைக்கும் வந்திருக்கிறது.

கை கழுவும் இடத்தில் தாத்தாவைப் பிடித்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். குழாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மாமா வெற்றிலைத் தட்டு பக்கம் போய்விட்டார்.

"ஏன் தம்பி, அப்ப அந்த ராஜா வீட்டுப் புள்ளைங்களுக்கும் அந்த தர்காவுல வச்சுத்தான் முடி எறக்கியிருப்பாங்களோ? எனக்கு நாகூர்லதான் எறக்கினாங்க. அம்மா சொல்லும்."

அதற்குள் அடுத்த பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.