பசுவின் மீது பழி போடுமுன் காளையைச் சோதியுங்கள்

ஒரு பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை என்றால் மாட்டுக்காரர் என்ன சொல்வார்? “இது மலட்டு மாடு” என்பார். கொஞ்ச நாளில் அந்தப் பசு இறைச்சிக்கு விற்கப்பட்டுவிடும். ஊசியில் இருந்த விந்து எந்தக் காளையுடையது, அதே காளையின் விந்தால் வேறு எத்தனை பசுக்கள் சினையாயின என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பசுவின் மீது மட்டும் பழி போடும் இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணம், கண்ணுக்குத் தெரியாத சில புரதங்களில் இருக்கிறது.

மாணவர்களே, இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. மலேசியக் கால்நடை ஆய்வுக்கழகம் நம் ஜொகூரில், குளுவாங்கில்தான் இருக்கிறது. தோட்டப்புறத்தில் பால்மாடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் இன்றும் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை சினைப் பருவத்துக்கு வரும. ஒரு முறை தவறினால் மூன்று வாரம் வீண். மூன்று முறை தவறினால் இரண்டு மாதத்துக்கு மேல் தீவனச் செலவு மட்டுமே மிச்சம். கன்று ஈனாத பசு பால் தராது. நாலைந்து மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய அடி.

நீந்தக் கற்கும் இடம்

விந்தகத்தில் உருவானதுமே விந்தணு வேலைக்குத் தயாராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அப்போது அதற்கு நேராக நீந்தவும் தெரியாது, கருமுட்டையோடு சேரவும் முடியாது. விந்தகத்தை ஒட்டி எபிடிடைமிஸ் என்ற மெல்லிய குழல் சுருண்டு கிடக்கிறது. காளையின் எபிடிடைமிஸைப் பிரித்து நீட்டினால் 30 மீட்டரைத் தாண்டும். இந்தக் குழலைக் கடக்க விந்தணுவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பயணத்தில்தான் அது முதிர்ச்சி அடைகிறது.

முதிர்ச்சி என்றால் என்ன? சாதாரண உயிரணு தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்துகொள்ளும். விந்தணுவால் அது முடியாது. அதன் மரபணுத் தொகுதி, பயணத்துக்குக் கட்டிய மூட்டை போல இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அதைப் படித்துப் புதுப் புரதம் செய்ய வழியில்லை. எனவே கடைசி நேரத்தில் தேவைப்படும் புரதங்களை வெளியிலிருந்து பெற வேண்டும். எபிடிடைமிஸின் சுவரிலுள்ள உயிரணுக்கள் அவற்றைச் சுரக்கின்றன. சில புரதங்கள் நுண்ணிய கொழுப்புப் பைகளில் வந்து விந்தணுவின் சவ்வில் சேர்கின்றன.

விந்து வெளியேறும்போது மேலும் சில புரதங்கள் கலக்கின்றன. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் புட்டசுவாமி மஞ்சுநாத்தின் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ‘பி.எஸ்.பி.’ புரதங்கள் அவற்றுள் முக்கியமானவை. பசுவின் கருக்குழலில் விந்தணு தங்கிக் காத்திருக்கவும், பிறகு கருவூட்டலுக்கு ஆயத்தமாகவும் அவை உதவுகின்றன. ஆனால் விந்தைச் சேமித்து வைக்கும்போது அதே புரதங்கள் விந்தணுவின் சவ்விலிருந்து கொழுப்பைத் தொடர்ந்து உருவி, அதைப் பலவீனமாக்குகின்றன. இதைத் தடுப்பது எது தெரியுமா? கோழிமுட்டையின் மஞ்சள்கரு! அதிலுள்ள ஒரு வகைக் கொழுப்புப் புரதம் பி.எஸ்.பி. புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காளை விந்தோடு மஞ்சள்கரு சேர்க்கும் வழக்கம் 1939ஆம் ஆண்டு முதலே உண்டு; அது ஏன் பலன் தருகிறது என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது.

நுண்ணோக்கி காட்டாத குறை

பொலிகாளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? உடல்கட்டு, இனம், அதன் பெண்கன்றுகள் தரும் பால் ஆகியவற்றைப் பார்க்கிறோம். பிறகு விந்தை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிக்கை, வடிவம், நீந்தும் வேகம் ஆகியவற்றைச் சோதிக்கிறோம். இவை அவசியமே. ஆனால் போதுமா?

ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் வளர்க்கப்படும் ஃபிளெக்ஃபீ இனக் காளைகள் சிலவற்றின் கதையைக் கேளுங்கள். அவற்றின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் வடிவத்திலும் வேகத்திலும் குறையில்லாமல் இருந்தன. எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டன. ஆனால் நூறு பசுக்களுக்கு ஊசி போட்டால் இரண்டுகூடச் சினையாகவில்லை! 2014இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது. ‘டி.எம்.இ.எம்.95’ என்ற ஒரே ஒரு புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தது. கருமுட்டையோடு விந்தணு இணைய அந்தப் புரதம் தேவை. வாசல் வரை ஓடி வந்தும் உள்ளே போகச் சாவி இல்லாத நிலை அது.

அந்தப் பசுக்களின் சொந்தக்காரர்கள் முதலில் யாரைக் குறை சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு முன்பே, 1993இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி கில்லியன் குழுவினர் ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்துப் பாய்மத்தை ஒப்பிட்டார்கள். நன்றாகச் சினைப்படுத்தும் காளைகளில் இரண்டு புரதங்கள் மிகுதியாக இருந்தன. அவற்றில் ஒன்று ஆஸ்டியோபான்டின் என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. எலும்பில் இருப்பதாக முதலில் அறியப்பட்ட புரதம் அது. காளையின் திறனை அறியப் புரதங்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

“செலவு அதிகமாகுமே!”

சிலர் இப்படிச் சொல்வார்கள்: “புரதச் சோதனை, மரபணுச் சோதனை எல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி. நம் ஊர் மாட்டுக்காரருக்கு எதற்கு?” இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் சோதனையை ஒவ்வொரு கொட்டகையிலும் செய்யத் தேவையில்லை. ஒரு காளையிடம் ஒரு முறை எடுக்கும் விந்திலிருந்து நூற்றுக்கணக்கான உறைவிந்துக் குச்சிகள் தயாரிக்கலாம். அவை மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஒரு காளையின் குறை ஆயிரம் கொட்டகைகளுக்குப் போகிறது. அதைத் தொடக்கத்திலேயே, ஒரே இடத்தில் கண்டுபிடிப்பதுதான் சிக்கனம்.

வெளிநாட்டில் சோதித்த முடிவுகளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. நம்மிடம் கெடா–கிளந்தான் மாடு இருக்கிறது. ஃப்ரீசியனையும் சாகிவாலையும் கலந்து இங்கே உருவாக்கிய மாஃப்ரிவால் இருக்கிறது. விந்தகம் உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் உள்ள நம் நாட்டில் நம் காளைகளின் விந்தணுப் புரதங்கள் எப்படி இருக்கின்றன என்பதை நாமே ஆராய வேண்டும். அந்த வேலை வேறு யாருக்கும் அவசரம் அல்ல; நமக்குத்தான் அவசரம்.

அதே சமயம், எல்லாப் பழியையும் காளையின் தலையில் கட்டுவதும் தவறு. சினைப் பருவத்தைச் சரியான நேரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம். உறைவிந்துக் குச்சியை உருக்கிய விதம் பிழையாக இருந்திருக்கலாம். பசுவுக்குச் சத்துக் குறைவோ கருப்பை நோயோ இருக்கலாம். எந்த ஒரு புரதமும் தனியாக எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதுதான் நான் வலியுறுத்துவது.

உங்களால் முடிந்தது

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்கள் அல்லவா? அதை மாட்டுக் கொட்டகையிலும் பயன்படுத்தலாம். ஒரே காளையின் விந்தைப் பத்துப் பசுக்களுக்குச் செலுத்தி, ஒன்பது பசுக்கள் சினையாகவில்லை என்றால் ஒன்பது பசுக்களும் மலடா? வேறு காளையின் விந்தில் அதே பசுக்கள் சினையானால் விடை தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மாடு இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஊசி போட்ட தேதி, பசுவின் பெயர், குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளையின் எண், சினை பிடித்ததா இல்லையா என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரே காளையின் எண் தோல்விப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால், கால்நடைச் சேவைத் துறை அதிகாரியிடம் அதைக் காட்டுங்கள். ஆய்வுக்கூடத்தில் புரதத்தைத் தேடுபவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது இப்படிப்பட்ட பதிவுகள்தான்.

அந்த நான்கு வரிகள், குற்றமற்ற ஒரு பசு இறைச்சிக்குப் போகாமல் தடுக்கக்கூடும்.