பாகாலும் பதியிலக்கணமும்

கிறித்தவ வேதத்தின் பழைய ஏற்பாட்டிற் கூறப்படும் பாகால் என்னுந் தெய்வம் நம் சிவபெருமானே என்றும், பாலலோசனன் என்னுந் திருப்பெயரே அங்ஙனந் திரிந்ததென்றும் சைவருட் சிலர் கூறுகின்றனர். சமயப்பற்றினால் எழுந்ததேனும் இக்கூற்றுச் சைவத்திற்கு இழுக்கே தரும். பாகாலே சிவன் என நாம் உடன்படின், அந்நூல் பாகால்மேற் சொரிந்த வசையனைத்தும் பெருமான்மேற் செல்ல நாமே வழிதிறந்தவராவோம்.

முதற்கண் பெயரை ஆராய்வாம். பாகால் என்பது எபிரேயம் முதலிய மொழிகளில் உடையவன், தலைவன், கணவன் எனப் பொருள்படும் பொதுச்சொல். அதனிடையே தமிழிலும் வடமொழியிலும் இல்லாத மிடற்றொலி ஒன்றுண்டு. தமிழில் மொழிபெயர்த்தோர் அதனைக் ககரத்தாற் குறித்தனர். அவ்வொலியை நீக்கிவிட்டு, நெற்றியை உணர்த்தும் பாலம் என்னும் வடசொல்லொடு பொருத்துதல் சொல்லாராய்ச்சியாகாது.

பதி என்னுஞ் சொல்லும் தலைவனையுங் கணவனையும் உணர்த்துமாகலின் பொருளொப்புமை உண்டன்றோ எனின், அஃதும் பயனின்று. இசுரவேலர் தங் கடவுளையே அப்பெயரால் அழைத்து வந்தமையும், இனி அங்ஙனம் அழையாமையும் ஓசியா நூலாற் பெறப்படும். சவுல் அரசன் மகன் நாளாகமத்தில் எஸ்பால் எனவும், சாமுவேல் நூலில் அத்தெய்வப் பெயர் விலக்கி நாணத்தை உணர்த்துஞ் சொற்பெய்து இஸ்போசேத் எனவும் வழங்கப்படுகின்றான். பலர்க்குஞ் சென்ற பெயர் ஒருவனையே துணிதற்குச் சான்றாதல் எங்ஙனம்?

இடித்தெய்வம் விடைமேல் நிற்கும் சிரியநாட்டுப் படிமங்களைக் காட்டுவாருமுளர். ஊர்தி ஒத்தலால் ஊர்வோர் ஒருவராயின், யானையூரும் இந்திரனும் ஐயனாரும் ஒருவராதல் வேண்டும்.

இனி, அத்தெய்வத்தின் இயல்பை நோக்குவாம். சிரியாவின் கடற்கரையை அடுத்த ராஸ் சம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழ்வினால் உகாரித்து என்னும் பழைய நகரும், எழுத்துப் பொறித்த களிமண் ஏடுகளும் வெளிப்பட்டன. அவ்வேடுகளின்படி, பாகால் மழையும் இடியும் ஆள்பவன். யாம் என்னுங் கடற்றெய்வத்தை வென்றவன். பின்னர் மோத்து என்னும் மரணதேவன் வாய்ப்பட்டு மாண்டு, மீண்டும் உயிர்த்தவன். மார்க்கண்டேயர் பொருட்டுக் காலனை உதைத்த பெருமானைக் காலன் வாய்ப்பட்டவனோடு ஒன்றென்பதினும் மிக்க சிவநிந்தை யாதுளது?

அங்ஙனமாயின், அப்பழைய மாந்தர் செய்த வழிபாடு வீணோ எனின், அன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு விடையருளியுள்ளார். பிற தெய்வங்கள் பிறப்பிறப்புட்பட்டு வினைசெய்யும் உயிர்களேயாம். எவர்க்குச் செய்த வழிபாட்டையும் அறிந்து பயனளிப்பவன் அவையில்லாத அம்மையப்பனே என்பது அவர் கருத்து. மழைவேண்டிப் பாகாலை வணங்கிய உழவனது அன்பைச் சிவன் அறிந்தான், பாகால் அறிந்திலன். இதனை உணர்ந்தார் பெயரொப்புமை தேடி அலையார்.

நாவலரவர்கள் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், கிறித்தவ வேதத்தை முற்றக் கற்று, அதிற் கூறிய சடங்குகளையே எடுத்துக்காட்டி எதிரிகளை மறுத்தனர். கற்றுணர்ந்து வாதிடும் அம்மரபே நம்முடையது. ஆகலின், சைவ நன்மக்கள் பதியிலக்கணங்கொண்டே தெய்வத்தைத் துணிவாராக.

திருச்சிற்றம்பலம்.