ஓட்டுப் போடும் நாளுக்குச் சம்பளம் உண்டா?

தேர்தல் வந்தால் ‘நாளை விடுமுறை’ என்று கடை வாசலில் போர்டு தொங்கும். அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா என்று மட்டும் பலர் கேட்பதே இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்கோ, அன்று வேலைக்குப் போவதா, ஓட்டுச்சாவடிக்குப் போவதா என்பது வீட்டுச் செலவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி.

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், 135-பி என்ற பிரிவு 1996-ல் சேர்க்கப்பட்டது. மக்களவைத் தேர்தலோ, சட்டமன்றத் தேர்தலோ, ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் விடுமுறை தர வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. கடை, கம்பெனி, தொழிற்சாலை என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

‘வேலை செய்தால்தான் கூலி’ என்று இருப்பவர்களுக்கு? அவர்களுக்கும் உண்டு. விடுமுறை விடாமல் இருந்திருந்தால் அன்று எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

வேலை சென்னையில், ஓட்டு விழுப்புரத்தில் என்றால்? அப்போதும் உண்டு. வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும், தினக்கூலிகள் உட்பட அனைவருக்கும் இந்தச் சலுகை பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடைத்தேர்தலுக்கும் இதே விதிதான்.

‘விரலில் மை இருந்தால்தான் சம்பளம்’ என்று சில இடங்களில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி நிபந்தனை இல்லை. ஓட்டுரிமை இருந்தால் போதும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. யார் வேலைக்கு வராமல் போனால் ஆபத்தோ, பெரிய நஷ்டமோ ஏற்படுமோ, அவர்களுக்கு இந்த விடுமுறை கட்டாயம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஷிஃப்டை மாற்றிக் கேட்டு, ஓட்டுப் போட நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. உள்ளாட்சித் தேர்தல் இந்தப் பிரிவில் வராது. அதற்கு அரசின் தனி அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். பத்துப் பேரின் ஒரு நாள் கூலியைப் பிடித்து வைப்பவருக்கு இது ஒரு தொகையே இல்லை. சட்டம் இருந்தும் பலருக்குச் சம்பளம் வராமல் போக இதுவும் ஒரு காரணம்.

கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகும் நாளின் கதை வேறு. சிவில் வழக்கில், சாட்சியை அழைக்கும் தரப்பு அவருடைய பயணச் செலவு முதலானவற்றைக் கோர்ட்டில் முன்கூட்டியே கட்ட வேண்டும். கிரிமினல் வழக்கில், சாட்சியின் நியாயமான செலவை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இரண்டும் செலவுக்கான பணம்தான். வாக்குப்பதிவு நாளுக்குச் சொன்னதுபோல, முதலாளி அன்றைய சம்பளத்தைத் தர வேண்டும் என்று 135-பி இதற்குச் சொல்லவில்லை. எனவே சம்மன் வந்ததும் அதன் நகலை அலுவலகத்தில் கொடுத்து, லீவு பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும்.

தேர்தல் விடுமுறைக்கும் அப்படித்தான். சம்பளம் பிடித்த பிறகு சண்டை போடுவதைவிட, ஒரு வாரம் முன்பே நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்பது சுலபம். மறுத்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். வாக்காளர் உதவி எண் 1950-ல் விவரம் கேட்கலாம். வீட்டில் தினக்கூலிக்குப் போகிறவர் இருந்தால், இதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஓட்டுப் போடுவதற்காக யாரும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.