குரலும் கொடியும்

ஓபரா எனும் மேலை இசைநாடக உலகின் முன்னணிச் சோப்ரானோ பாடகி, ரஷ்யாவில் பிறந்த அன்னா நெட்ரெப்கோ. 2025 செப்டம்பரில் லண்டன் ராயல் ஓபரா அரங்கில் ‘டோஸ்கா’வின் நாயகியாக அவர் தோன்றியபோது உள்ளே கைதட்டல், வெளியே கண்டன முழக்கம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவோ 2022 மார்ச்சிலேயே அவரை விலக்கிவிட்டது. ஒரே குரலுக்கு இரு நகரங்களில் இரு தீர்ப்பு. இவற்றில் எது சரி?

மாணவப் பருவத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் தரை துடைத்தவர், 1994-இல் அதே மேடையில் பாடகியாக அறிமுகமானார். 2002-இல் சால்ஸ்பர்க் விழாவும் மெட்ரோபாலிட்டனும் அவரை உலகறியச் செய்தன. 2006-இல் ஆஸ்திரியக் குடியுரிமை. 2008-இல் ரஷ்ய அரசின் ‘மக்கள் கலைஞர்’ பட்டம்.

2014-இன் இறுதியில் கிழக்கு உக்ரைனின் தோனெட்ஸ்க் ஓபரா அரங்குக்கு 10 லட்சம் ரூபிள் நன்கொடை வழங்கினார். அந்நிகழ்வில் பிரிவினைவாதத் தலைவர் ஒருவருடன் அத்தரப்பின் கொடியைப் பிடித்தபடி நின்ற படம் உலகெங்கும் பரவியது. கலைஞர்களுக்கான உதவியே அது என்பது அவரது விளக்கம். எனினும், அவர் மீதான குற்றச்சாட்டு ரஷ்யராகப் பிறந்தார் என்பதன்று. தம் புகழை அதிகாரத்துக்கு இரவல் தந்தார் என்பதே. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால், என் கேள்வி அரங்க நிர்வாகத்தை நோக்கியது. அந்தப் படம் வெளியான பிறகும் ஏழாண்டுகள் மெட்ரோபாலிட்டன் அவரைத் தன் நட்சத்திரமாகக் கொண்டாடியது. போர் மூண்டதும், அதிபர் புதினை வெளிப்படையாக நிராகரிக்கும்படி கோரியது. 2022 மார்ச் 30 அன்று நெட்ரெப்கோ போரைக் கண்டித்தார், புதினை விமர்சிக்கவில்லை. அது போதாது என்றது நியூயார்க். ரஷ்ய நாடாளுமன்றத் தலைவரோ அவரைத் துரோகி என்றார். நோவோசிபிர்ஸ்க் அரங்கு நிகழ்ச்சியை ரத்து செய்தது. ரத்தான 13 நிகழ்ச்சிகளுக்காக 2 லட்சம் டாலருக்கும் மேல் வழங்குமாறு 2023-இல் மெட்ரோபாலிட்டனுக்கு நடுவர் உத்தரவிட்டார்.

இதே மெட்ரோபாலிட்டன், 1940-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த சோப்ரானோ எலிசபெத் ஷ்வார்ஸ்கோப்பை 1964-இல் மேடையேற்றியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அரங்குகளின் மனச்சாட்சி காலத்துக்கேற்ப விழிக்கிறது, உறங்குகிறது.

எதிர்த்தரப்பின் வலியையும் நான் மறக்கவில்லை. 2022-இல் ‘டுராண்டாட்’ நாடகத்தில் நெட்ரெப்கோவுக்குப் பதிலாகப் பாடிய உக்ரைனியப் பாடகி லியூட்மிலா மொனாஸ்டிர்ஸ்கா, தம் நாட்டுக் கொடியைப் போர்த்தியபடி மேடையில் நின்றார். ஊர் எரியும்போது அவரிடம் போய், ‘கலைக்கு அரசியல் இல்லை’ என்று யார் சொல்வது?

ஆகவே, கலைஞர்களை அறவே கேள்வி கேட்கக் கூடாது என்பதன்று என் வாதம். அச்சத்தில் பெறப்படும் அறிக்கை எவருடைய உள்ளத்தையும் அளக்காது. ரஷ்யாவில் உற்றார் உறவினர் வாழும் கலைஞருக்கு அதன் விலையும் பெரிது. அளக்கத் தக்கது செயல் மட்டுமே: யாருக்காகப் பாடினார், எந்தக் கொடியை ஏந்தினார் என்பது. அந்த அளவுகோலை அரங்குகள் முன்கூட்டியே அறிவித்து, ஒப்பந்தத்தில் எழுதி, எல்லா நாட்டவருக்கும் ஒன்றுபோல் பொருத்த வேண்டும். 2014-இல் கேட்க வேண்டிய கேள்வியை 2022-இல் கேட்டவர்கள், பாடகியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது.