அஸ்தமனத்தில் ஒரு பாலம்

பாம்பன் பாலத்தின் படத்தைப் பார்க்காத தமிழர் அநேகமாக இருக்க முடியாது. நீலக் கடல், நீல வானம், நடுவே ஊர்ந்து வரும் ரயில். காலண்டரில் பார்த்திருக்கிறோம்; சினிமாவில் பார்த்திருக்கிறோம். ஆனால் கப்பலுக்கு வழிவிட அந்தப் பழைய பாலம் எப்படித் திறந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "தூக்கிக்கொள்ளும்" என்பார்கள். எப்படி? அதற்குப் பதில் வராது. இத்தனை படங்களிருந்தும் இந்த ஒரு கேள்விக்கு விடையில்லை என்றால், நாம் எடுத்ததெல்லாம் பாலத்தின் படந்தானா?

அந்தப் பாலம் திறக்கப்பட்ட வருஷம் 1914. அதன் நடுத்திறப்பு ஷெர்ஸர் என்ற அமெரிக்க எஞ்சினீயரின் முறைப்படி அமைந்தது. இரண்டு இறக்கைகள். ஒவ்வொன்றின் அடிப்பாகமும் ஆடு நாற்காலியின் கால்போல வளைந்திருக்கும். இறக்கை கதவு மாதிரி கீலில் சுழல்வதில்லை. அந்த வளைவின்மேல் உருண்டு பின்னால் சாயும். கிணற்றுத் துலாவின் பின்முனையில் கட்டிய கல்லைப்போல, பின்புறத்துப் பாரம் முன்புறத்துச் சுமையைச் சமன்செய்யும். அதனால்தான் மனிதர்கள் நின்று கையால் சுற்றியே அவ்வளவு இரும்பையும் கடலுக்கு மேலே எழுப்ப முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் முறிந்தும் மீண்டெழுந்தது அந்தப் பாலம். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

"படம் என்பது அழகுக்காக, ஐயா! பல்சக்கரத்தையும் ஆணியையும் யார் பார்ப்பார்கள்?" என்கிறார் ஒரு நண்பர்.

அவருக்கு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியின் கதையைச் சொல்ல வேண்டும். சென்னை ராஜதானியின் போட்டோகிராபராக 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். கோபுரத்தோடு அவர் திருப்தியடையவில்லை. அதிஷ்டானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தமக்குப் பரிச்சயமில்லாத எழுத்தைப் பிறர் படிக்கட்டும் என்று வெயிலில் நின்றார்! அடுத்த வருஷமே கவர்னர் ட்ரெவெலியன் அந்த வேலையை ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். நமது நண்பர் தனியாக இல்லை. அவருக்குக் கவர்னர் துணை இருக்கிறார்.

அமெரிக்காவில் 1933-இல் பழைய கட்டடங்களுக்கும், 1969-இல் பாலம், ஆலை, அணை முதலியவற்றுக்கும் சர்க்காரே பதிவேடு தொடங்கியது. போட்டோவோடு அளவெடுத்த வரைபடமும், வரலாறும் சேர்ந்து தேசிய நூலகத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. பல்சக்கரத்தைப் பார்ப்பதற்கும் ஆள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இன்னொரு கட்சி உண்டு: "படம் எடுத்தாகிவிட்டதே, இனி இடித்தால் என்ன?" தாத்தாவின் போட்டோ சுவரில் மாட்டியிருக்கிறது என்பதற்காகத் தாத்தாவைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடுவார்களா? படம் சாட்சி, அதை மரணச் சான்றிதழ் ஆக்கக் கூடாது.

ஊரைக் குறை சொல்கிற நானும் யோக்கியன் அல்ல. சில வருஷங்களுக்கு முன் பாம்பன் சாலைப் பாலத்தில் காமிராவும் கையுமாக நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "தம்பி, நான் அதுலதான் வேலை பாத்தேன். எப்படிச் சுத்துவோம் தெரியுமா?" என்று கைகளை நீட்டி ஆரம்பித்தார். "கொஞ்சம் இருங்க பெரியவரே, வெளிச்சம் போயிடும்" என்றேன். அவர் மௌனமாகிவிட்டார். வெளிச்சம் போவதற்குள் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பினேன், அவரும் போய்விட்டிருந்தார்.

அந்த அஸ்தமனம் இன்றும் என் மேஜைமேல் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கைகள்தான் அதில் இல்லை.

அஸ்தமனத்தை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரியன் நாளைக்கும் அஸ்தமிக்கும். முதலில் ஆணியை எடுங்கள், சக்கரத்தை எடுங்கள், அளவு தெரிய ஓர் அடிக்கோலை வையுங்கள், தேதியைக் குறியுங்கள். சுற்றிய மனிதர் பேச வந்தால், காமிராவைக் கீழே இறக்கிவிட்டுக் கேளுங்கள்.