பழைய வண்டிக்குக் கண் வைத்தியம்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களின் முதற் குறை, விளக்கைப் பற்றியதுதான். "பகலில் ராஜகம்பீரமாகப் போகிறது, ஸார்! இருட்டினால் மண்ணெண்ணெய் விளக்காகி விடுகிறது" என்பார்கள். உடனே கடைக்குப் போய் 100 வாட் பல்பு இரண்டு வாங்கி மாட்டுவார்கள். ஜீரண சக்தி இல்லாதவனுக்கு விருந்து படைத்த கதைதான் இது!

கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை. அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் வரும் வண்டலூரிலே, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் தயாராயின. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடரை அறியாதவர் யார்? இத்தகைய பழைய வண்டிகளில் முன்விளக்கின் மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து கிளம்பி, ஓட்டுகிறவரின் கையருகே உள்ள ஸ்விட்சுக்கு வந்து, டிப் ஸ்விட்சையும் தாண்டிய பிறகே விளக்கை அடைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் விளக்குகள் இரண்டுக்கு, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய இணைப்புகளிலும் மெல்லிய கம்பியிலும் 1.2 வோல்ட் தொலைந்தால், விளக்குக்குக் கிடைப்பது 10.8 வோல்ட். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று எண்ண வேண்டாம். வெளிச்சத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடும். தொலைந்த சக்தி ஏறக்குறைய 12 வாட், ஸ்விட்சையும் கம்பியையும் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் 100 வாட் பல்பை மாட்டினால், ஸ்விட்சு உருகும். நாள்பட்டு வெடித்த கம்பியுறை தீப்பிடிக்கவும் கூடும்.

இதற்குப் பரிகாரம் 'ரிலே' என்னும் சிறிய பெட்டி. 1835-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விஞ்ஞானி ஜோஸப் ஹென்றி கண்ட தத்துவம் இது. தந்தி இலாகாவுக்குப் பல காலம் உழைத்தது. கோயில் யானையின் காதருகே பாகன் காலால் ஒரு குறிப்புக் கொடுக்கிறான். யானை பெரிய மரத்தைத் தூக்குகிறது. அதுபோல, பழைய ஸ்விட்சின் வழியாக ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு சென்றாலே போதும். ரிலேயிலுள்ள மின்காந்தம் விழித்து, பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேர்வழியைத் திறந்துவிடும்.

வெளிச்சம் தூரப் பாய்வதற்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று என இரண்டு ரிலே வையுங்கள். பாட்டரியை ஒட்டியே பியூஸ் இருக்கட்டும். ரிலேயின் 30 என்ற முனைக்குப் பாட்டரிக் கம்பி. 87-க்கு விளக்குக் கம்பி. 86-க்குப் பழைய ஸ்விட்சிலிருந்து வரும் கம்பி. 85 வண்டியின் உடலுக்கு. விளக்குக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். விளக்கிலிருந்து உடலுக்குத் திரும்பும் கம்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துருவைச் சுரண்டி அதையும் புதிதாகப் போட வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகளில் நீலத்தில் வெண்கோடு தூர வெளிச்சத்துக்கு. நீலத்தில் செங்கோடு டிப்புக்கு. அந்த வர்ணங்களையே புதிய கம்பியிலும் வையுங்கள். பின்னால் பழுது பார்ப்பவர் வாழ்த்துவார். இணைப்பு விஷயத்தில் நமது நெசவாளர்களே குரு. புடவையின் உடலும் கரையும் கோர்வையில் சேருமிடம் இழுத்தால் பிரியலாமா? முறுக்கி ஒட்டுப் போட்ட கம்பியும் பிரியக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் வண்டியின் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. பழைய ஸ்விட்சு பழைய இடத்திலேயே இருக்கும்.

இதெல்லாம் அலங்காரத்துக்கு என்று யாரும் நினைக்கலாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. தறியை நிறுத்திவிட்டு, பின்விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவரை ஒரு வினாடி முன்னதாகக் கண்டால், அந்த 17 மீட்டர் அவருடைய உயிர்.

வேலையைத் தொடங்கு முன்னும் முடித்த பின்னும் விளக்கை எரியவிட்டு, பாட்டரி முனைகளிலும் விளக்கு முனைகளிலும் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். முடித்த பின் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வைத்தியம் பலித்தது. எதிரே வண்டி வரும்போது டிப் செய்வதற்கு மட்டும் ரிலே எதுவும் இல்லை. அதை உங்கள் கையோ காலோதான் செய்ய வேண்டும்!